அமுலுவைக் கறுப்பு வெள்ளையில் ஒட்டிய நாள்

புதிதாகப் பதிப்பகம் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களே, உங்கள் மூவருக்கும் என் வாழ்த்துகள். கூடவே கொஞ்சம் அனுதாபமும். காலையில் ஒன்பதாம் வகுப்புக்கு யாப்பு நடத்திவிட்டு, மாலையில் அடுத்தவர் கவிதையில் கை வைக்கிற பிழைப்பு இது. திருவொற்றியூரில் தமிழாசிரியனாக இருந்துகொண்டே நானும் கவிதை எழுதினேன், நாவல் எழுதினேன், சின்னதாக ஒரு பதிப்பகமும் நடத்தினேன். இவற்றில் எதை உருப்படியாகச் செய்தேன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று சொல்லச் சொன்னீர்கள். நான் எடுத்த முடிவுகளில் பாதி, முடிவெடுக்கிறோம் என்று தெரியாமலே எடுத்தவை. மீதிப் பாதியை எடுக்கும்போது எனக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. தாள், அச்சு, அட்டை எல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். அச்சகக்காரர் நாலு முறை திட்டினால் தானாக வந்துவிடும். நான் அமுலுவைப் பற்றிச் சொல்கிறேன். அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வது என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.

அமுலு என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். அப்போது கவிதை கிவிதை ஒன்றும் கிடையாது, மனப்பாடச் செய்யுளில் முட்டை. பிறகு காசிமேட்டுக்கு வாக்கப்பட்டுப் போனாள். புருஷன் தேசிங்கு விசைப்படகில் போகிறவர். போனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் கரை. பிள்ளைகள் இல்லை, வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான். அமுலு விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் வைத்து விற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சங்கரா மீன் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "சார், ஒன்னு அனுப்புனா படிப்பீங்களா? சிரிக்கக் கூடாது."

வாட்ஸப்பில் வந்தது. புள்ளி இல்லை, கமா இல்லை, அவளுக்கு அவளே அனுப்பி வைத்துக்கொண்ட செய்திகள். தமிழாசிரியர்களுக்கு இப்படி நாளைக்குப் பத்து வரும், உங்களுக்கே தெரியும். அலட்சியமாகத்தான் திறந்தேன். படித்து முடித்தபோது வாணலியில் சங்கரா கருகிப்போயிருந்தது. "கவிதை படிச்சா வயிறு ரொம்பிடுமா?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி அடுப்பை அணைத்தாள். படகு கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் ஒரு பெண் தனியாக என்னென்ன செய்கிறாள் என்பதைத் தவிர அந்தக் கவிதைகளில் வேறொன்றுமே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் எழுதிய நாவல் முழுக்கக் கடல்தான், ஆனால் அதில் எங்கும் உப்பு வாசனை கிடையாது.

புத்தகமாகப் போடுவோம் என்றேன். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"மொத புக்கு எங்க வூட்டுக்காரு கையில தரணும் சார். மேடையில. வேற யாரும் வேணாம்."

முதல் பிரதியை வாங்க ஒரு பேராசிரியரை நாங்கள் மனதில் வைத்திருந்தோம். அதை விட்டுவிட்டேன். "அவருக்கு நீ எழுதுறது தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். கரைக்கு வந்தாருன்னா தூங்குவாரு, எய்ந்தா வலைய பாப்பாரு, அப்பால திரும்பவும் போட்டுல ஏறிடுவாரு. எந்த எடத்துல நின்னு சொல்றது? இத்தினி வருசம் சொல்லல, இப்ப போயி சொன்னா ஏன் சொல்லலன்னு கேப்பாரு. புக்கா கையில குடுத்துட்டா பேச்சே வேணாம்."

"எதுக்கும் முன்னாடியே சொல்லிடும்மா."

"சொல்றேன் சார்."

சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் "வீட்டுப்பாடம் எழுதிடுறேன் சார்" என்று சொன்ன அதே குரல். ஆனாலும் விட்டுவிட்டேன். விழா தேதியைப் படகு திரும்புகிற நாளாகப் பார்த்துக் குறித்தோம். அவர் காலையில் கரையேறுவார், தூங்கி எழுவார், மாலையில் எதற்கு என்று தெரியாமலே மண்டபத்துக்கு வந்து உட்காருவார், பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், எழுந்து வந்து வாங்குவார். அமுலு அந்தக் காட்சியை என்னிடம் எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை. அவளுக்கு அதுதான் விழா. மற்றதெல்லாம் எங்கள் ஆசைக்கு.

இனிமேல்தான் சுவரொட்டி வருகிறது. எங்கள் பதிப்பகத்துக்கு அட்டை போட்டவர் எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர். நல்ல ரசனைக்காரர், அதுதான் பிரச்சனையே. "கலர் போட்டா மஞ்சள் நீராட்டு பேனர் மாதிரி இருக்கும் சார், கறுப்பு வெள்ளைதான்" என்றார். அமுலுவை மார்க்கெட் வாசலில் நிறுத்தி, சிரிக்காதே என்று சொல்லிப் படம் எடுத்தார். அந்த முகத்தைப் பெரிதாக நடுவில் வைத்து, சுற்றிலும் வெள்ளையாக விட்டார். மேலே 'கவிஞர் அமுலு'. கீழே தேதி. விழா, மண்டபம் போன்ற லௌகீகங்களெல்லாம் அடியில் பொடி எழுத்தில், அதுவும் சாம்பல் நிறத்தில். படத்துக்குப் பக்கத்தில் அவளுடைய இரண்டு வரி:

அலை வந்து கூப்பிட்டது
போய்விட்டு வருகிறேன்

மீன் கூடை கழுவக் கடலுக்குப் போகும் பெண்ணைப் பற்றிய கவிதை அது. நாங்கள் இருவரும் சுவரொட்டியைத் தள்ளி வைத்துப் பார்த்தோம், கிட்டப் போய்ப் பார்த்தோம். "இப்படி ஒரு போஸ்டரை இந்த ஏரியா பார்த்திருக்காது சார்" என்றார் ஓவிய ஆசிரியர். நானும் தலையாட்டினேன்.

தினம் பார்க்கிற ஏரியா ஐயா இது! ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் சுவரைப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, தலைவர் பிறந்தநாள் எல்லாம் கலர். கறுப்பு வெள்ளையில் ஒரு முகம் தனியாக நின்றால், கீழே ஒரு தேதி இருந்தால், அதற்கு ஒரே அர்த்தம்தான். கண்ணீர் அஞ்சலி. அந்தச் சுவர்களை ஒட்டியே அத்தனை வருடம் பள்ளிக்கு நடந்தவன் நான். ரசனை வந்து கண்ணை மறைத்துவிட்டது.

ஒட்டுகிற ஏழுமலையும் ஒன்றும் கேட்கவில்லை. சாவுச் சுவரொட்டியை எங்கெங்கே ஒட்டுவாரோ அங்கெல்லாம், விழாவுக்கு முந்தின ராத்திரி, அமுலு தெரு முனை, மார்க்கெட் வாசல், துறைமுக கேட் என்று பார்த்துப் பார்த்து ஒட்டியிருக்கிறார். "எழுத்தைப் படிக்கலையா நீங்க?" என்று பிறகு சண்டைக்குப் போனேன். "மூஞ்சிய பாத்ததுமே மனசு கேக்கல சார், எங்க படிக்கிறது? நல்ல பொண்ணாச்சேன்னு ஓரமெல்லாம் பசை தடவி ஒட்டுனேன்" என்றார். என்னத்தைச் சொல்ல?

விழா நாள் என்று அமுலு மீன் எடுக்கப் போகவில்லை. காலையில் வீட்டிலிருந்து போன் செய்தாள்.

"சார், நான் செத்துட்டேனாம் சார். வாசல்ல ஆளுங்க மாலையோட நிக்கிறாங்க. கொஞ்சம் வர்றீங்களா?"

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே அடைத்திருந்தது. பக்கத்து வீட்டம்மா அமுலுவையே கட்டிப்பிடித்துக்கொண்டு அமுலுவுக்காக அழுதுகொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் அழுகையை நிறுத்த அவருக்கு வழி தெரியவில்லை. மாலை வாங்கி வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். சாவுக்கென்று வாங்கிய மாலையை உயிரோடு இருப்பவள் கழுத்தில் போட முடியாது. வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகவும் முடியாது. கீழே வைக்கவும் மனம் வராமல், கை வலிக்க வலிக்க ஏந்திக்கொண்டு நின்றார்கள். அமுலு அவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் வேறு என்னதான் செய்வாள்?

அந்த நேரம் பார்த்து, சாவு வீட்டுக்குச் சேர் போடச் சாமியானா கன்னியப்பன் டெம்போவோடு வந்து என் முன்னால் நின்றார். கூட்டத்தில் பேண்ட், சட்டை, கண்ணாடியோடு நின்றது நான் ஒருவன்தான்.

"சார், சேர் எறக்கட்டுமா வேணாவா? மேளம் வேற சொல்லிட்டாங்கோ, வந்துகினே கீது. யாராச்சும் ஒரு வார்த்த சொல்லுங்கபா, பேஜாரா கீது."

"இறக்குங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. வகுப்பில் யாராவது கேள்வி கேட்டால் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்கிற பழக்கமாக இருக்கலாம். அவர் பாட்டுக்குச் சேர்களை இறக்கிப் போட ஆரம்பித்தார்.

அமுலு டீ வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சார், இந்நேரம் போட்டு வந்துருக்கும் சார். துறைமுக கேட்டுல போஸ்டர் ஒட்டிகீதாமே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுக்கடலில் சிக்னல் கிடையாது. கரை நெருங்கும்போதுதான் போனுக்கு உயிர் வரும். அந்தத் தெருவே விடிந்ததிலிருந்து சுவரொட்டியைப் படம் பிடித்து, கும்பிடு போட்டு, ஸ்டேட்டஸ் வைத்திருந்தது. அவ்வளவும் மொத்தமாகத் தேசிங்கு கையில் போய் இறங்கியிருக்கும்.

அமுலு அவர் எண்ணுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அணைத்து வைத்திருந்தது. பெண்டாட்டி போனிலிருந்து யாரோ விஷயத்தைச் சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் பயந்துவிட்டார். இது பிறகு தெரிந்தது. அதற்குள் படகில் கூடப் போனவர் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டார். "தேசிங்கு வலை ஷெட்டுல குந்திகினு கீறான், வூட்டுக்கு வரமாட்டேன்றான், யாராச்சும் பெரியவங்க வாங்க" என்றார். அமுலு அந்தப் போனைப் பிடுங்கி, "ண்ணா, நான் அமுலு பேசறேன்" என்றாள். அவர் போனைக் கீழே போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. பிறகு அந்த எண்ணும் போகவில்லை.

ஆட்டோவில் போகும்போது, "நான் முன்னாடி போய்ப் பக்குவமாச் சொல்லட்டுமா?" என்றேன்.

"நான் உயிரோட கீறேன்னு நீங்க சொன்னா, வாத்தியாரு சமாதானத்துக்குச் சொல்றாருன்னு நெனப்பாரு. நானே முன்னாடி போயி நின்னா பேயின்னு நெனப்பாரு. இன்னா சார் பண்றது?"

எனக்குத் தெரியவில்லை. துறைமுக கேட் வரைக்கும் யோசித்தேன், அப்போதும் தெரியவில்லை. கேட்டில் அவள் முகம் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அப்போதுதான் அவள் அதை நிதானமாகப் பார்க்கிறாள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு நிமிடம் பார்த்தாள்.

"நல்லாத்தான் சார் கீது. நெசமா செத்தா இதே போட்டோவ போடச் சொல்லுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

வலை ஷெட்டில் தேசிங்கு தரையில் உட்கார்ந்திருந்தார். கடலுக்குப் போன அதே கைலி, கையெல்லாம் செதில். கூட வந்தவர்கள் தள்ளி நின்றார்கள். அமுலு நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் காலைப் பார்த்தார்.

"இன்னாத்த பாக்குற? காலு கீது" என்றாள்.

அவர் எழவில்லை. கையை நீட்டி அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே கையை வைத்துக்கொண்டு அழுதார். பெரிய குரல் அவருக்கு. ஏலம் நடந்துகொண்டிருந்த இடத்திலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யோவ், எய்ந்திரியா. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் அமுலு. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

இதோடு முடிந்துவிடும், புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பிப் போவார்கள் என்று நினைத்தேன். உங்கள் வயதில் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். தேசிங்கு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அதில் சுவரொட்டிப் படம் இருந்தது. எழுத்துக்கூட்டித்தான் அவர் படிப்பார். பெயருக்கு முன்னால் இருந்த வார்த்தையில் விரலை வைத்தார்.

"இதுல கவிஞர்னு போட்டுகீதே. அது யாரு மே?"

"நான்தான்."

"எப்பத்துலேர்ந்து?"

"அது ஆவுது... நாலஞ்சி வருசம்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "நீ செத்துட்டன்னு காலையிலேர்ந்து அழுதுகினு கீறேன். அத்தக்கூட தாங்கிக்கினேன்மே. கடலுக்குப் போறவன், சாவு இன்னா புதுசா? இத்த எங்கிட்ட சொல்லலியே நீ. ஊரு சுவத்துல ஒட்டிகீது, எனக்குத் தெரியாது."

நான் அந்த இடத்தில் நிற்பதா, போவதா? போனால் அவளைத் தனியாக விட்டதாக ஆகும். நின்றால் அவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததாக ஆகும். பையில் அவளுடைய முதல் பிரதி இருந்தது. மாலையில் மேடையில் கொடுக்க வேண்டியது. அதை எடுத்தேன். எடுத்த பிறகு யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு நின்றேன்.

"படி" என்றார் தேசிங்கு அவளிடம்.

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பத்துப் பேருக்கு முன்னால் ஒரு தடவை கூச்சமில்லாமல் தன் கவிதையைப் படித்தவள், புத்தகத்தைத் திறந்தாள், உடனே மூடினாள். "நீங்க படிங்க சார்" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நான் வகுப்புக் குரலில் படித்தேன். பக்கத்தில் ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம், அதற்கு மேலே கத்திப் படித்தேன். ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிடுகிறவள், காற்று மாறினால் ஜன்னலை மூடிவிட்டுத் திரும்பவும் திறக்கிறவள், பாயில் ஒரு பக்கத்திலேயே படுத்துப் பழகியவள். தேசிங்கு தலையைக் குனிந்து கேட்டார்.

"அது நம்ம வூட்டு ஜன்னலு" என்றார் ஒரு இடத்தில். பிறகு நிமிர்ந்தார். "எல்லாம் கீது. இதுல நான் எங்க கீறேன்? நான் இல்லியே."

அமுலு சொன்னாள்: "நீ வூட்ல இருந்தா நான் ஏன் எழுதப் போறேன்?"

பிரியத்தில் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா? அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் ஒன்றாகத் தோன்றும், மறுநாள் வேறாகத் தோன்றும். தேசிங்கு எழுந்துபோய், குடத்துத் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஈரக் கையோடு திரும்பி வந்து, "ஃபங்ஷன் எத்தினி மணிக்கு சார்?" என்று என்னைக் கேட்டார். புத்தகத்தை அப்போது அவர் வாங்கவில்லை.

உங்களுக்கு என்ன சொல்வது? பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை மாமல்லபுரம் கூட்டிப்போக வீட்டில் கையெழுத்து வாங்காமல் விடமாட்டேன். ஒரு பெண்ணின் உள்ளத்தைச் சுவரில் ஒட்டும்போது வீட்டில் யாருக்கும் தெரியாதே என்று ஒரு நாள் தூக்கம் கெடவில்லை. அதற்காக, கவிதை எழுத வருகிற பெண்ணிடம் புருஷனைக் கேட்டாயா என்று கேளுங்கள் என்றா சொல்லட்டும்? அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கேட்காதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த ஈரக் கை கண் முன்னால் வந்து நிற்கிறது. சுவரொட்டியைக் கலரில் போடுங்கள். உறுதியாக என்னால் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

மாலையில் விழா நடந்தது. மண்டபத்தில் இல்லை. கன்னியப்பன் இறக்கிய சேர்கள் தெருவில் அப்படியே இருந்தன, காலையில் வந்த கூட்டமும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் அங்கேயே இருந்தது. "இங்கயே வெச்சிடலாம் சார்" என்றாள் அமுலு. மாலைகளைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சொல்லிவைத்த மேளமும் வந்திருந்தது. கல்யாண அடியா, சாவு அடியா என்று அவர்கள் கேட்டார்கள். நான் திருதிருவென்று விழித்தேன். அவர்களே ஏதோ ஒன்றை அடித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

தேசிங்கின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வெள்ளைச் சட்டையில் வந்தார். அமுலு புத்தகத்தை நீட்டினாள், வாங்கினார். அவள் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிக் காட்டிய காட்சிதான், ஆனால் அவள் சொன்னதில் அவர் சிரிப்பார். இங்கே சிரிக்கவில்லை. வாங்கியவர் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம் என்று மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். இதுவும் யோசிக்காமல் செய்ததுதான்.

"காலையில இவ பூட்டான்னு நெனச்சி குந்தினு இருந்தேன்" என்றார். "இன்னா சொல்லி அழறதுன்னு பாத்தேன். நல்லா கொழம்பு வெப்பா. நல்லா சண்ட போடுவா. அதுக்கு மேல சொல்லி அழ ஒன்னும் வர்ல எனக்கு. இத்தினி வருசமா ஒரே வூடு." புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "இத்த படிச்சிட்டு, இன்னொரு தபா பேசறேன்."

போய் உட்கார்ந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் புரியவில்லை.

அமுலு என் பக்கம் சாய்ந்தாள். "இன்னா சார் இவரு, பாராட்டறாரா, திட்டறாரா?"

"தெரியலம்மா" என்றேன்.

"எனக்கும் தெரில சார்."

இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் முதல் பக்கத்தில் விரலை வைத்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருந்தார்.